நெல் வயலும் வெப்ப வாயுக்களும்: காய்ச்சலும் பாய்ச்சலும் தரும் பாடம்

நட்டு ஒரு மாதமான நெல் வயலில் களை எடுக்க இறங்கும்போது, காலை ஊன்றிய இடத்தில் குபுகுபுவென்று குமிழிகள் கிளம்புவதை விவசாயிகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். சில வயல்களில் அழுகிய முட்டை போன்ற நாற்றமும் வரும். "மண் கொதிக்கிறது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தக் குமிழியைப் பற்றித்தான் இன்று உலக நாடுகள் மாநாடு கூட்டிப் பேசுகின்றன என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் அது உண்மை. அந்தக் குமிழியில் என்ன இருக்கிறது, அதனால் நமக்கு என்ன கெடுதல், அதைக் குறைத்தால் நமக்கு என்ன லாபம், இதில் அரசுகள் கொடுத்திருக்கும் வாக்குறுதி என்ன என்பதை சிறு விவசாயிகள் தெரிந்து கொள்வது அவசியம்.

குமிழியில் இருப்பது என்ன?

வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது காற்றில் உள்ள பிராணவாயு மண்ணுக்குள் இறங்க முடிவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் பிராணவாயு ஓரிரு நாட்களில் தீர்ந்துவிடுகிறது. பிராணவாயு இல்லாமலே வாழக்கூடிய நுண்ணுயிர்கள் அப்போது பெருகி, மண்ணில் உள்ள வைக்கோல், தாள், வேர், தொழு எரு ஆகியவற்றை மக்கச் செய்கின்றன. இரண்டு வாரம் போல் தண்ணீர் விடாமல் நின்றுவிட்டால் மீத்தேன் என்ற வாயு உற்பத்தியாகத் தொடங்குகிறது. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதேதான். கலனில் சாணமும் தண்ணீரும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கின்றன; வயலில் தண்ணீரே மூடியாக நிற்கிறது. கலனில் வரும் வாயுவை அடுப்பில் எரிக்கிறோம். வயலில் வருவது வீணாகக் காற்றில் போய்ச் சேருகிறது.

குமிழியாக நாம் கண்ணால் பார்ப்பது சிறு பகுதிதான். பெரும்பகுதி மீத்தேன் நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீரில் வாழும் பயிர் ஆதலால் நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போய்வரக் குழல் போன்ற அமைப்பு உண்டு. வேருக்குப் பிராணவாயு இறங்கும் அந்த வழியாகவே மீத்தேன் மேலே ஏறிவிடுகிறது.

அளவு எவ்வளவு? இந்திய அரசின் கணக்கில், பருவம் முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் எக்டேருக்கு 162 கிலோ மீத்தேன் வெளியாவதாகக் கொள்ளப்படுகிறது. அதாவது ஏக்கருக்கு சுமார் 65 கிலோ. இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஏறத்தாழ இரண்டரை மாதம் சமைக்கக்கூடிய வாயு இது. பருவத்தில் ஒரு முறை வயலைக் காயவிட்டால் எக்டேருக்கு 66 கிலோவாகவும், பல முறை காயவிட்டால் 18 கிலோவாகவும் குறைகிறது.

பூமியின் மேல் போர்வை

சூரிய வெப்பம் பூமியில் விழுந்து, திரும்ப வானவெளிக்குப் போக வேண்டும். காற்றில் உள்ள சில வாயுக்கள் கம்பளிப் போர்வை போல அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்திக் கொள்கின்றன. இவற்றைப் பசுங்குடில் வாயுக்கள் என்கிறார்கள். வெப்ப வாயுக்கள் என்றும் சொல்லலாம். அவற்றில் முக்கியமானவை மூன்று.

முதலாவது கரியமில வாயு. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் பெரும்பாலும் வருவது. ஆலைத் தொழில் தொடங்குவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்கிறது. ஆனால் இதற்கு ஆயுள் குறைவு. சுமார் 12 ஆண்டுகளில் காற்றிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

மூன்றாவது நைட்ரஸ் ஆக்ஸைடு. பயிருக்குப் போட்ட தழைச்சத்து உரத்தின் ஒரு சிறு பகுதி மண்ணில் மாறுதல் அடைந்து இப்படிப் போகிறது. இது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வலிமை கொண்டது. நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் தங்கும்.

நெல்லுக்கு வரும் கேடு

"உலகம் சூடானால் எனக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். முதல் அடி விவசாயிக்குத்தான் விழுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை உள்ள வெப்பநிலைப் பதிவையும், அங்கே எடுத்த மகசூலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் 10 சதம் குறைவதாகத் தெரிந்தது. பகலில் பயிர் தயாரித்த மாவுச்சத்தை, வெக்கையான இரவில் பயிரே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடுவது இதற்கு ஒரு காரணம். பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் அதிகமாகிறது.

மழையும் முறை தவறுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு புயலையோ ஒரு மழையையோ மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியல்ல. ஆனால் காற்றும் கடலும் சூடாக ஆக, இப்படிப்பட்ட கடும் மழை அதிகரிக்கும் என்பது அறிவியல் கண்ட முடிவு.

நம் வயல் மீது எழுதிய தப்புக் கணக்கு

இந்த விஷயத்தில் விவசாயிகள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகச் சொல்லப்பட்டது. வெளிநாட்டு வயல்களில் எடுத்த சில அளவுகளை நம் நாட்டு நெல் பரப்பால் பெருக்கிப் போட்ட கணக்கு அது. உலகம் சூடாவதற்கு ஏழை நாட்டு நெல் விவசாயியும் மாடு வளர்ப்பவரும் பெரிய காரணம் என்ற பேச்சும் கிளம்பியது.

நமது விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ.பி. மித்ரா முன்னின்று, 1991இல் நாட்டின் பல பகுதிகளில் நேரடியாக வயலில் இறங்கி அளக்க ஏற்பாடு செய்தார். பயிரின் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, அதில் சேரும் காற்றை ஊசியில் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் சோதிப்பது முறை. முடிவு என்ன? இந்திய நெல் வயல்கள் மொத்தமாக விடும் மீத்தேன் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் டன் மட்டுமே. சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் எளிது. நம் நாட்டில் பெரும்பகுதி நெல் மானாவாரியாகவோ, அவ்வப்போது தண்ணீர் வற்றிக் காயும் நிலத்திலோ விளைகிறது. எல்லா வயலிலும் நான்கு மாதமும் தண்ணீர் நிற்பதில்லை. அதே 1991இல் அனில் அகர்வால், சுனிதா நாராயண் ஆகிய இருவரும், வயிற்றுக்காக நெல் விளைவிப்பவன் விடும் வாயுவையும், சொகுசுக்காகக் கார் ஓட்டுபவன் விடும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் மாநாடுகளில் கேட்கப்படுகிறது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இரண்டு. அளக்காமல் எழுதும் கணக்கை நம்பக் கூடாது என்பது ஒன்று. வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறைகிறது என்பது மற்றொன்று. நம்மைக் காப்பாற்றிய அந்தக் கணக்கே இந்த இரண்டாவது உண்மையையும் சொல்கிறது.

நாடுகள் கொடுத்த வாக்கு

1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கூடிய மாநாட்டில் பருவநிலை பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. 2015இல் பாரிஸ் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, உலக வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும், முடிந்தால் 1.5 டிகிரிக்குள் அடக்கவும் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு நாடும் தன்னால் ஆனதைத் தானே அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் அந்த 1.5 டிகிரிக் கோட்டையே தாண்டிவிட்டது. இது ஓர் ஆண்டுக் கணக்குதான். என்றாலும் எச்சரிக்கை மணி.

இந்தியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக அறிவித்தது. 2022 ஆகஸ்டில், நாட்டின் ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளியாகும் வெப்ப வாயுவை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 45 சதம் குறைப்பதாக இலக்கு நிர்ணயித்தது. இது நாடு முழுவதற்குமான இலக்கு. விவசாயத்துக்கென்று தனி வெட்டு எதுவும் அதில் இல்லை.

அதே கிளாஸ்கோவில், 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் உலக மீத்தேனை 30 சதம் குறைப்போம் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் முன்னின்று ஓர் உறுதிமொழியை வெளியிட்டன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை. நம் நாட்டு மீத்தேனின் முக்கிய ஊற்று நெல் வயலும் மாட்டு வயிறும். அவை சிறு, குறு விவசாயிகளின் பிழைப்பு. அதன் மீது கட்டுப்பாடு போட முடியாது என்பது அரசு தந்த விளக்கம். 2023இல் துபாய் மாநாட்டில் உணவு, விவசாயம் பற்றி வெளியான அறிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை.

2020ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் கணக்குப்படி, நாட்டின் மொத்த வெப்ப வாயுவில் விவசாயத்தின் பங்கு 13.72 சதம். எரிசக்தித் துறையின் பங்கு 75 சதத்துக்கு மேல். விவசாயப் பங்கில் முதலிடம் கால்நடை. அடுத்து நெல் வயலும் ரசாயன உரமும்.

மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது? டென்மார்க் அரசு 2030 முதல் மாடு, பன்றிகள் விடும் வாயுவுக்கு வரி போட 2024இல் முடிவு செய்தது. நியூசிலாந்தில் இப்படி ஒரு திட்டம் எழுந்து, விவசாயிகள் எதிர்ப்பால் 2024இல் கைவிடப்பட்டது. வியட்நாம் வரி போடவில்லை. மேகாங் டெல்டாவில் 2030க்குள் 10 லட்சம் எக்டேரில் குறைந்த மீத்தேன் விடும் முறையில் நெல் விளைவிக்க 2023இல் திட்டம் வகுத்தது.

ஆகவே, நம் சிறு விவசாயி மீது இன்று சட்டக் கட்டாயம் ஏதும் இல்லை. அப்படியானால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? மீத்தேனைக் குறைக்கும் முறைகளில் பல, தண்ணீரையும் உரத்தையும் மிச்சப்படுத்தும் முறைகளாக இருக்கின்றன. உலகத்துக்காக அல்ல, நம் கைக்காசுக்காகவே அவற்றைச் செய்யலாம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: செய்முறை

நெல் நீரில் வாழும் பயிர். ஆனால் எப்போதும் நீரில் மூழ்கியே இருக்க வேண்டும் என்பதில்லை. பாய்ச்சிய தண்ணீர் மறைந்த பிறகு அடுத்த தண்ணீர் கட்டுவதைக் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். வெறும் கண் மதிப்பில் செய்யாமல், ஒரு குழாயின் உதவியால் அளந்து செய்வது புதிய முறை.

30 செ.மீ. (ஒரு அடி) நீளமும், 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். குழாய் இல்லாவிட்டால் மூங்கிலும் ஆகும். கீழ்ப்பாதி முழுவதும் சுற்றிலும் சிறு துளைகள் போட வேண்டும். வரப்பிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உள்ளே, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் மீதி வெளியிலும் இருக்கும்படி இறக்க வேண்டும். குழாயின் உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் எடுத்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் குழாய் சரியாக வேலை செய்கிறது என்று அறியலாம்.

நட்டது முதல் இரண்டு வாரம் வரை வயலில் மெல்லிய நீர் இருக்கட்டும். இது நாற்று வேர் பிடிக்கவும் களையை அடக்கவும் உதவும். அதன் பிறகு 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் கட்டி விட்டுவிட வேண்டும். மேலே தண்ணீர் மறைந்த பிறகு தினமும் குழாயின் உள்ளே பார்க்க வேண்டும். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், அதாவது குழாயின் அடிவரை வற்றியதும், மீண்டும் 5 செ.மீ. கட்ட வேண்டும். மேல் மண் காய்ந்து போலத் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். வேர் ஆழத்தில் ஈரம் இருக்கிறது என்பதைக் குழாய் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பூ வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலைக் காயவிடக் கூடாது. அந்தச் சமயம் தண்ணீர் குறைந்தால் பதர் மிகும். பிறகு பால் பிடித்து முற்றும் வரை பழையபடி காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தொடரலாம்.

இம்முறையில் பாசன நீர் 30 சதம் வரை மிச்சமாகும் என்றும், மீத்தேன் ஏறக்குறைய பாதி குறையும் என்றும், மகசூல் குறையாது என்றும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. காற்று இறங்குவதால் வேர் வெண்மையாக ஆழமாக ஓடி, பயிர் எளிதில் சாய்வதில்லை. புகையான் பூச்சி கண்ட வயலில் தண்ணீரை வடிக்கச் சொல்வது நமக்குத் தெரிந்ததே.

திருந்திய நெல் சாகுபடியும் இதே வழியைச் சேர்ந்தது. 14 நாள் வயதுள்ள ஒற்றை நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டு, மயிரிழை வெடிப்பு காணும்போது தண்ணீர் கட்டி, கோனோவீடர் உருட்டிக் களையை மண்ணில் அமுக்குகிறோம். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். திருவாரூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பகுதிகளில் வழக்கமாக உள்ள புழுதி விதைப்பிலும் முதல் சில வாரங்கள் தண்ணீர் நிற்காததால் மீத்தேன் குறைவு. ஆனால் அதில் களைக்கொல்லிச் செலவும் களை ஆள் கூலியும் கூடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கே, எப்போது கூடாது?

எல்லா நிலத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. கடலோரக் கடைமடையில் உப்பு ஏறிய நிலத்திலும், களர் நிலத்திலும் வயலைக் காயவிட்டால் உப்பு மேலே ஏறிப் பயிரைக் கருக்கிவிடும். அங்கே இம்முறை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சம்பா, தாளடி வயல்களில் தண்ணீர் வடியவே இடமிருக்காது. குறுவைக்கும் நவரைக்குமே இது ஏற்றது.

கடைமடை விவசாயிக்கு வேறொரு கவலை. முறைப் பாசனத்தில் அடுத்த முறை தண்ணீர் வருமோ வராதோ என்று தெரியாதபோது, வயலில் இருக்கும் தண்ணீரை யார் விடுவார்கள்? இந்தப் பயம் நியாயமானது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் முதலில் ஆரம்பிக்கலாம். வாய்க்கால் பாசனம் மட்டும் உள்ளவர்கள் ஒரே மடையில் பாயும் நிலத்துக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தால்தான் மேல் மடையில் மிச்சமான தண்ணீர் கீழ் மடைக்குப் போய்ச் சேரும். தனி ஒருவர் செய்து பயனில்லை. எவராயினும் முதல் பருவத்தில் பத்து சென்ட் அல்லது ஒரு பாத்தியில் மட்டும் செய்து பார்த்து, அடுத்த பருவத்தில் விரிவாக்குவது நல்லது.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு மிச்சமாகும் தண்ணீர் அப்படியே பணமாகும். தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம் ஆதலால், மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு உடனடியாகப் பண மிச்சம் தெரியாது. ஆனால் கோடையில் கிணற்றில் இருக்கும் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பதில் அந்த மிச்சம் தெரியும்.

யூரியா போடுவதில் கவனம்

வயலைக் காயவிடுவதால் மீத்தேன் குறைந்தாலும், யூரியாவை நேரம் தவறிப் போட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடிவிடும். ஒரு கையால் மிச்சம் பிடித்து மறு கையால் விட்ட கதை ஆகும். நமக்கும் நஷ்டம். காற்றில் போவது நாம் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து.

யூரியாவைத் தண்ணீர் மறைந்து ஈரம் மட்டும் உள்ள நிலையில் சீராகத் தூவி, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். உரம் தண்ணீரோடு மண்ணில் இறங்கி வேருக்கு எட்டும். பிறகு சில நாட்களுக்கு வயலில் தண்ணீர் இருக்கட்டும். உரம் போட்ட கையோடு காயவிடுவது தவறு. நிறைந்த தண்ணீரில் தூவுவதும், இலையில் பனி ஈரம் உள்ளபோது தூவுவதும் தவறு.

எப்போது போடுவது? பக்கத்து வயலைப் பார்த்துப் போடாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடலாம். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், நம் உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பயிர்களில் நன்கு விரிந்த இளம் இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, நடவு செய்த மற்ற ரகங்களுக்கு 4 என்பது அளவு. பத்தில் ஆறு இலைகள் இதற்குக் கீழே இருந்தால்தான் உரம் தேவை. அப்போது குறுவைக்கு ஏக்கருக்கு 30 கிலோ யூரியாவும், சம்பா, தாளடிக்கு 26 கிலோவும் போட்டால் போதும். பயிர் கரும்பச்சையாக இருப்பது கண்ணுக்கு அழகு. புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்து என்பதை மறக்க வேண்டாம்.

வைக்கோலும் எருவும்

அறுவடை எந்திரம் விட்டுப்போன தாளை நடவுக்கு ஓரிரு வாரம் முன் பச்சையாகச் சேற்றில் மடக்கி உழுதால், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போட்டது போலாகும். இளம் பயிரும் மஞ்சளாகி நிற்கும். அதற்காகத் தீ வைப்பதும் கூடாது. தழைச்சத்து முழுதும் புகையாகப் போய்விடும். அறுவடை முடிந்ததுமே, ஈரம் இருக்கும்போது தாளை மடக்கி உழுது, நடவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டும். காற்றில் மக்கிய தாளால் வரும் மீத்தேன் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முடிந்தவர்கள் எருக்குழியில் மக்க வைத்துப் போடலாம். தொழு எருவும் நன்கு மக்கியதாக இருக்கட்டும்.

தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரத்தாலும் மீத்தேன் ஓரளவு கூடத்தான் செய்யும். ஆயினும் அது யூரியாவைக் குறைக்கிறது, மண்ணை வளமாக்குகிறது. ஆகவே அதை விட்டுவிட வேண்டாம். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுது, மக்குவதற்கு நாள் கொடுத்து நட்டால் போதும்.

மாட்டுக் கொட்டகையில்

மாடு அசை போடும்போது ஏப்பமாக விடுவதும் மீத்தேன்தான். ஒரு கறவை மாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 30 முதல் 50 கிலோ விடுகிறது. வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டின் தீனியில் நல்ல பங்கு இப்படி வாயுவாக வீணாகிறது. வைக்கோலோடு பசுந்தீவனம், வேலிமசால் போன்ற பயறுவகைத் தழை, தாது உப்புக் கலவை சேர்த்துக் கொடுத்தால் செரிமானம் நன்றாகி, அதே மாடு கூடுதலாகப் பால் தரும். லிட்டருக்கு விழும் மீத்தேன் குறையும். பால் கறக்காத மூன்று மாட்டைவிட, நன்றாகப் பராமரித்த இரண்டு மாடு மேல்.

நான்கைந்து மாடு உள்ளவர்கள் நாளைக்கு 50 கிலோ சாணம் கொண்டு இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓட்டலாம். அடுப்புக்கு வாயுவும் வயலுக்கு மக்கிய எருவும் கிடைக்கும். மூடியில் கசிவு இல்லாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். கசிந்தால் நன்மையெல்லாம் வீண்.

கார்பன் பணம்: கையெழுத்துக்கு முன் யோசனை

மீத்தேனைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்று சில கம்பெனிகள் கிராமங்களுக்கு வருகின்றன. குறைத்த வாயுவை வெளிநாட்டு ஆலைகளுக்குக் கணக்காக விற்பது இந்த வியாபாரம். இதைப் பார்த்ததும் தள்ளவும் வேண்டாம், நம்பி விழவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எப்போதும் தண்ணீர் நின்ற வயலை ஒரு முறை காயவிட்டால் ஏக்கருக்கு 38 கிலோ மீத்தேன் குறையும். அதை 28ஆல் பெருக்கினால் சுமார் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு பருவத்துக்கு ஏக்கருக்கு விற்க இருக்கும் சரக்கு இவ்வளவுதான். அதிலும் கம்பெனியின் செலவு போக மிச்சம்தான் நமக்கு.

2024இல் சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை, இத்தகைய கணக்குகளுக்குச் சான்று தரும் வெர்ரா என்ற அமைப்பே நிராகரித்துவிட்டது. ஆகவே ஒப்பந்தம் தமிழில் எழுதித் தரப்படுகிறதா, எத்தனை ஆண்டுக்குக் கட்டுப்பாடு, டன்னுக்கு நமக்கு என்ன விலை, எப்போது பணம், தண்ணீர் வராமலோ வெள்ளம் வந்தோ முறை தவறினால் யார் பொறுப்பு, நடுவில் விலகலாமா என்பவற்றைக் கேட்டு, நகல் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். குத்தகை நிலமாயின் பணம் குத்தகைதாரருக்கா, நிலக்காரருக்கா என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொள்வது சண்டையைத் தவிர்க்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

உலகைச் சூடாக்கியதில் பெரும்பங்கு நம்முடையது அல்ல. இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 2 டன் கரியமில வாயு என்றால் அமெரிக்கர் ஒருவருக்கு அது ஏறக்குறைய 14 டன். அந்த நியாயத்தை மாநாட்டில் பேச வேண்டியது அரசின் கடமை. தண்ணீரையும் தழைச்சத்தையும் வீணாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு குழாய் பார்த்துத் தண்ணீர் கட்டவும். பூக்கும் காலத்தில் காயவிட வேண்டாம். உப்பு நிலத்தில் இம்முறை வேண்டாம். வண்ண அட்டை பார்த்து யூரியா போடவும். தாளை முன்கூட்டியே மடக்கி உழவும். பச்சை எரு போட வேண்டாம்.

குழாய் அமைக்கும் முறையையும் இலை வண்ண அட்டை பற்றியும் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். வருகிற குறுவையில் ஒரு பாத்தியில் ஒரு குழாய் இறக்கிப் பாருங்கள். அந்த வயலில் இறங்கும்போது காலடியில் குமிழி குறைந்திருப்பதையும், பிடுங்கிய பயிரின் வேர் வெளுத்திருப்பதையும் நீங்களே காணலாம்.